ஆண்டவரை ‘நீர்’ என்று கூப்பிடலாமுங்களா?



இந்த வாரம் சற்றுச் சிரிக்கலாம் என்று எண்ணுகிறேன். சிரித்து முடித்தபின் ஒரு காரியத்தை உங்களிடத்தில் அறிக்கையிடவும் வேண்டியிருக்கிறது. இரண்டும் மொழியைப் பற்றியவையே.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்த நான், ஊழியத்தின் நிமித்தம் கொங்கு நாட்டிற்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வந்த முதல் வாரத்திலேயே என் தாய்மொழி என்னைக் கைவிட்டது. எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ‘ஐயர்’ என்றே அழைப்பார்கள். குருமனையில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபடியால், சில மாதங்கள் வாடகை வீட்டில் தங்க நேர்ந்தது. சாமான் வண்டியோடு கூட வந்த என் ஊர்க்காரர், “எங்க ஐயர் குடிவந்திருக்கார், பாத்துக்கிடுங்க” என்று தெருவில் பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் எங்கள் சமையலறையிலிருந்து கருவாட்டுக் குழம்பின் மணம் எழுந்து தெருக்கோடிவரை சென்றது. எதிர்வீட்டு அம்மையார் வாசலுக்கு வந்து நின்று, ஒன்றும் கேட்க மனமில்லாமல் திரும்பிப் போனார்கள். அந்த அம்மையார் அன்று என்ன நினைத்தார்கள் என்பதை, நல்ல சிநேகிதமானபின் அவர்களே என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்தது ‘ஏனுங்க’. ஒரு சபையார் வீட்டுக்குள் நுழைந்ததும், “ஏனுங்கய்யா” என்றார் வீட்டுக்காரர். ஏன் வந்தீர் என்று கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு, சபைச் சந்திப்பு எவ்வளவு அவசியம் என்பதை நான் விளக்கத் தொடங்கிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, “ஏனுங்கய்யா, காப்பி குடிக்கறீங்களா?” என்றார். ‘ஏனுங்க’ என்பது கேள்வியன்று, அன்பான விளி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

‘நோம்பி’யும் என்னை ஏமாற்றியது. “ஞாயித்துக்கெழமை நோம்பிக்கு வந்துருங்க” என்று ஒரு குடும்பத்தார் அழைத்தார்கள். நோன்பு என்றே என் காதில் விழுந்தது. உபவாசத்திற்கு ஆயத்தமாக, காலையில் ஒன்றும் உண்ணாமல், உபவாச ஜெபத்திற்குக் குறிப்புகளும் எழுதிக்கொண்டு போனேன். அங்கே தலைவாழை இலை போட்டிருந்தது. கொங்கு நாட்டில் நோம்பி என்றால் பண்டிகை. குறிப்புகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வெறும்வயிறு மாத்திரம் வீண்போகவில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, ‘ங்க’. ஒரு சிறுவன் காலில் கட்டுடன் வந்து, “நாயி கடிச்சுப் போடுச்சுங்க” என்றான். கடித்த நாய்க்குக்கூட இவ்வூரில் மரியாதை கொடுக்கிறார்களே என்று வியந்தேன். பிற்பாடுதான் புரிந்தது. அந்த ‘ங்க’ நாய்க்குரியதன்று, கேட்டுக்கொண்டிருந்த எனக்குரியது. நாயைப்பற்றிப் பேசினாலும் பேனைப்பற்றிப் பேசினாலும், எதிரே நிற்கும் மனிதனுக்குரிய கனத்தை வாக்கியத்தின் முடிவிலே வைத்துவிடுகிறார்கள் கொங்கு மக்கள்.

இப்படிப்பட்ட தடுமாற்றங்கள் நமது கோவைக்குப் புதியவையல்ல. வாளையாரைத் தாண்டினால் மலையாளம். சத்தியமங்கலத்து மலையேறித் தாளவாடிப் பக்கம் போனால் கன்னடம். நகரத்துக்குள்ளேயே தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. பாலக்காட்டிலிருந்து வந்த சகோதரர் ஒருவர், காளப்பட்டி, கருமத்தம்பட்டி என்று பேருந்துப் பலகைகளைப் படித்துவிட்டு, “உங்கள் ஊரில் இத்தனை நாய்களா?” என்று கேட்டார். மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய். அவரே எங்கள் வீட்டில் ‘வெள்ளம்’ கேட்டார். நமக்கு அது ஊரை அடித்துச் செல்வது. அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர். நமக்குச் ‘சம்சாரம்’ என்றால் மனைவி, அவர்களுக்குப் பேச்சு. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டோ என்பதைத் திருமணமான சகோதரர்களின் தீர்மானத்திற்கு விட்டுவிடுகிறேன்.

ஆந்திராவிலிருந்து ஒரு வீட்டிற்கு வந்திருந்த உறவினர் நோயாய்ப் படுத்திருந்தார். ஜெபிக்க வரட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். “அவசரம் லேது” என்றார். அவசரமில்லை, நிதானமாக வாரும் என்கிறார் என்றெண்ணி, மறுநாள் நிதானமாகவே போனேன். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. தேவையில்லை என்று அவர் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் போனது நன்மையாகவே முடிந்தது. கர்த்தர் என் அறியாமையையும் பயன்படுத்துகிறவர்.

பிரியமானவர்களே, பரிசுத்த வேதாகமத்திலும் இப்படிப்பட்ட காட்சிகள் உண்டு. அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். லீஸ்திராவில் பவுல் ஒரு சப்பாணியை நடக்கச் செய்கிறார். ஜனங்கள் தங்கள் லிக்கவோனியா மொழியில் ஆரவாரம் செய்கிறார்கள். பவுலுக்கும் பர்னபாவுக்கும் அந்த மொழி தெரியாது. தங்களையே யூப்பித்தர் என்றும் மெர்க்கூரி என்றும் அந்த ஜனங்கள் தெய்வங்களாக்கிவிட்டதை அவர்கள் உணர்ந்தபோது, பூசாரி எருதுகளோடும் பூமாலைகளோடும் வந்து சேர்ந்திருந்தான். வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட வேண்டியதாயிற்று. சுவிசேஷகரானாலும் உள்ளூர் மொழி தெரியாவிட்டால் மாலைக்குத் தப்புவது கடினம்.

பண்டிதர்களும் தப்பவில்லை. எபிரெயத்தில் கொம்பு என்பதற்கும் பிரகாசித்தல் என்பதற்கும் எழுத்துக்கள் ஒன்றே. சீனாய் மலையிலிருந்து இறங்கிவந்த மோசேயின் முகம் பிரகாசித்தது என்ற இடத்தில், ஜெரோம் தமது லத்தீன் மொழிபெயர்ப்பில் கொம்புள்ளது என்று பொருள்படும் சொல்லை இட்டார். அதன் விளைவாகவே மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் தலையில், இன்றும் ரோமாபுரி ஆலயத்தில், இரண்டு சிறு கொம்புகள் இருக்கின்றன.

நமது தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கோ வேறு விதமான சோதனை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். அவருக்குப் பின் பப்ரிசியுஸ் ஐயர் வந்தார். அதன்பின் பவர் ஐயரின் தலைமையிலான குழுவினரின் மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. இவர்கள் எல்லாருக்கும் முன்னே நின்ற கேள்வி ஒன்றுண்டு. கிரேக்கத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்திலும் அப்படியே, இந்தியிலும் அப்படியே. நம் அண்டை மொழியான கன்னடத்தில்கூட இன்று ‘நாவு’ என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் நிற்கிறது. தமிழோ விடாது. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. ஒவ்வொரு வசனத்திலும், எதிரே இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

கர்த்தருடைய ஜெபத்தில் பிதாவை ‘எங்கள்’ என்ற சொல்லோடு அழைக்கிறோம். அங்கே ‘நம்’ என்று போட்டால், பிதா தமக்குத்தாமே பிதாவாகிவிடுவார். ஆகவே ‘எங்கள்’ என்பதே சரி. ஆனால் மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் கடலில் புயல் எழும்பும் காட்சியைப் பாருங்கள். ஆண்டவர் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருக்கிறார். தாங்கள் மடிந்துபோவதைக் குறித்துக் கவலையில்லையா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். கிரேக்கம் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. நம் தமிழ் வேதாகமமோ ‘நாங்கள்’ என்கிறது. மடிவது நாங்கள், நீர் வேறு. ஒரே படகு, ஒரே அலை, ஒரே தண்ணீர் எல்லார்மேலும் தெறிக்கிறது. ஆனாலும் அவர்களுடைய பயம் ஆண்டவரைப் படகுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இந்த ஓர் எழுத்து நுட்பத்தைத் தமிழில் வாசிக்கிற பாக்கியத்திற்காக நான் பலமுறை கர்த்தரை ஸ்தோத்திரித்திருக்கிறேன்.

ஆனால் பிரசங்க பீடத்தில் நின்று இதை எடுத்துரைக்கத் தெரிந்த நான், ஒரு தாயாரை வெளியே நிறுத்தினேன். அதையே இப்போது சொல்ல வேண்டும்.

கிணத்துக்கடவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வீட்டு ஜெபக்கூட்டம். நான் இந்தப் பகுதிக்கு வந்த இரண்டாம் வருஷம். மழையில்லாத கோடைக்காலம். தோட்டவேலை செய்து பிள்ளைகளை வளர்த்த விதவைத் தாயார் ஒருவர் ஜெபத்தை ஏறெடுத்தார்கள். “ஏனுங்க ஆண்டவருங்க, கெணத்துல தண்ணி அடியில போயிருச்சுங்க. நீங்கதானுங்க பாக்கோணும்” என்று, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். பட்டணத்திலிருந்து என்னோடு வந்திருந்த வாலிபர்கள் தலைகுனிந்தபடி சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு நின்றிருந்தாலாவது குற்றம் பாதியாயிருக்கும். கூட்டம் முடிந்ததும், எல்லாருக்கும் முன்பாக, மிகுந்த தயவோடு பேசுவதாக எண்ணிக்கொண்டு, “அம்மா, ஆண்டவரிடத்தில் ஜெபிக்கும்போது ‘நீர்’, ‘உம்மை’, ‘தேவரீர்’ என்று நல்ல தமிழில் ஜெபிக்கப் பழக வேண்டும்” என்றேன். “சரீங்கய்யா” என்றார்கள்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்த வீடுகளுக்குப் போய்வந்தேன். அந்தத் தாயார் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. வாய்திறந்து ஜெபித்ததும் இல்லை. ‘ஆமென்’ மாத்திரம் சொல்வார்கள். நான் அதைக் கவனிக்கவுமில்லை. கவனிக்கவில்லை என்பதே எனக்கு இன்றுவரை அதிக வேதனை.

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ‘ஷிபோலேத்’ என்று உச்சரிக்கத் தெரியாமல் ‘சிபோலேத்’ என்ற எப்பிராயீமியர், பேச்சினாலே பிடிபட்டார்கள். அந்நாளில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்று வேதம் கணக்குச் சொல்கிறது. ஓர் எழுத்தை வைத்து ஒருவனைக் கரையேற விடாமல் தடுக்க முடியும். நான் பட்டயம் எடுக்கவில்லை. ஆனாலும் துறைமுகத்தில் காவல் நின்றேன்.

ஒரு மார்கழி மாதம் அந்தத் தாயார் படுக்கையில் விழுந்தார்கள். பார்க்கப் போனேன். கயிற்றுக் கட்டிலின் அருகில் அமர்ந்து, “அம்மா, முதலில் நீங்கள் ஒரு வார்த்தை ஜெபியுங்கள், பின்பு நான் ஜெபிக்கிறேன்” என்றேன். “வேண்டாமுங்கய்யா, நீங்களே பண்ணீருங்க. எனக்கு நல்ல தமிழு வராதுங்க” என்றார்கள். அந்தச் சொல் என்னுடையது என்பது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வந்தபோது, தலைநிமிர முடியவில்லை. சற்றுப் பொறுத்து அவர்களே, மனதில் வெகுநாளாய் இருந்ததைக் கேட்டார்கள்: “கோவிச்சுக்காதீங்கய்யா. பெரியவங்கள ‘நீரு’ன்னு கூப்பிட்டா எங்கூர்ல மரியாதைக் கொறவுங்க. எங்க மாமனாருகிட்ட நானு ஒரு நாளும் அப்பிடிப் பேசுனதில்லீங்க. ஆண்டவரைப் போயி ‘நீரு’ன்னு கூப்பிடலாமுங்களா?”

இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றவன் நான். எபிரெயத்தில் சங்கீதக்காரன் தேவனை அழைக்கும் அதே ஒருமைச் சொல்லால்தான் வேலைக்காரனையும் அழைப்பார்கள் என்பதும், கிரேக்கத்திலும் அப்படியே என்பதும் எனக்குத் தெரியும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒருமையை ‘நீ’ என்று எழுத மனமில்லாமல், கனம்பொருந்திய ‘நீர்’ என்பதைத் தெரிந்துகொண்டார்கள். திருநெல்வேலியிலோ ஒத்த வயதுள்ள இருவர் கூட, “வாரும், இரும், என்ன செய்யுதீரு” என்று பேசிக்கொள்வார்கள். ஆகையால் அந்தச் சொல் எனக்குப் பாலோடு வந்தது. கொங்கு நாட்டில் அது அன்றாடப் பேச்சில் இல்லை. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் உருவான வேதாகமத் தமிழ், 1830-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் ஐயர் கோவைக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கிய காலத்தில், இந்த மண்ணுக்கு ஒறம்பரையாகவே வந்திருக்க வேண்டும். ஒறம்பரையை நன்றாக உபசரித்தார்கள் உங்கள் முன்னோர்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரியை வாய்மூடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்தத் தாயார் ஆண்டவருக்குத் தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையையே கொடுத்தார்கள். அதைக் குறைவான மரியாதைக்கு மாற்றும்படி நான் சொல்லியிருக்கிறேன்.

“தப்பு என்மேல்தான் அம்மா. நீங்கள் ஜெபித்ததே சரி. என்னை மன்னியுங்கள்” என்றேன். “ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்கய்யா” என்று கட்டிலிலிருந்து எழும்பப் பார்த்தார்கள். பின்பு, நான் கேட்காமலே, கண்களை மூடிக்கொண்டு ஜெபித்தார்கள்: “ஆண்டவருங்க, நம்ம ஐயரு பஸ்ஸுல போறாருங்க. வேகமாப் போற வண்டிங்க. பத்தரமாக் கொண்டுபோயிச் சேத்துப் போடுங்க.” தம்முடைய நோவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவ்வளவுதான் ஜெபம்.

பேருந்தில் திரும்பி வருகையில், ஜன்னலோரத்தில், அந்த ஜெபத்தை நான் இலக்கணமாகப் பார்க்கத் தொடங்கினேன். என் வழக்கம் அது. ‘நம்ம ஐயரு’ என்றார்கள். ‘எங்க ஐயரு’ என்று சொல்லவில்லை. தேவனிடத்தில் பேசும்போது ‘எங்கள்’ என்றால் தேவன் வெளியே. ‘நம்ம’ என்றால் தேவனும் உள்ளே. உமக்கும் எனக்கும் சொந்தமான இந்த ஐயர் என்று அவர்கள் ஆண்டவரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். படகில் சீஷர்களுக்கு வராத சொல், கயிற்றுக் கட்டிலில் கிடந்த அந்தத் தாயாருக்குத் தானாக வந்தது. அவர்களைத் தடுத்த என்னையும் அந்தச் சொல்லுக்குள்ளே ஏற்றிக்கொண்டார்கள். ஆறு மாதங்களுக்குப்பின் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் நடந்த ஜெபக்கூட்டங்களில், கட்டிலிலிருந்தபடியே அவர்களுடைய குரல் மறுபடியும் கேட்டது.

பிரியமானவர்களே, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய கலிலேயாப் பேச்சு என்று மத்தேயு எழுதுகிறார். எருசலேமின் வேலைக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு அடையாளம் கண்டார்கள். ஆனால் நாசரேத்தில் வளர்ந்த நம் ஆண்டவரும் அந்தக் கலிலேயாப் பேச்சையே பேசியிருப்பார் அல்லவா? யவீருவின் மகளை எழுப்பிய ‘தலீத்தாகூமி’ என்ற அவருடைய வீட்டுமொழிச் சொல்லை, கிரேக்கத்தில் எழுதிய மாற்கு மாற்ற மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறார். பெந்தெகொஸ்தே நாளிலும் ஆவியானவர் பாபேலின் பல மொழிகளை அழித்து எல்லாருக்கும் ஒரே மொழியைக் கொடுக்கவில்லை. அவரவர் பிறந்த மொழியிலே கேட்கச் செய்தார். கேட்டவர்கள் தங்கள் மொழியைத் திருத்திக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை.

ஆகவே, மொழிகளின் வேடிக்கையைக் கண்டு நாம் தாராளமாகச் சிரிக்கலாம். ‘பட்டி’யையும் ‘வெள்ளத்தையும்’ சொல்லி நானும் அந்தப் பாலக்காட்டுச் சகோதரரும் இன்றும் சிரிக்கிறோம். அங்கே இருவரும் சிரிக்கிறோம். அது ‘நாம்’ சிரிக்கிற சிரிப்பு. ஒருவர் மாத்திரம் தலைகுனிய மற்றவர்கள் சிரித்தால், அது ‘நாங்கள்’ சிரிக்கிற சிரிப்பு. வெளியூரிலிருந்து நம் சபைக்கு வந்து, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும் வடநாட்டு வாலிபரைக் கண்டு சிரிக்கும்போதும், பாட்டியம்மாளின் ஜெபத்தைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்யும்போதும், இது எந்தச் சிரிப்பு என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது என்னைப்போன்ற ஒருவர் திருத்தியதனால் வாய்மூடி இருப்பீர்களானால், இந்த ஞாயிறன்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே, ‘ங்க’ போட்டே, சத்தமாக ஜெபியுங்கள். நான் ‘ஆமென்’ சொல்கிறேன்.

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, எனக்குப் பாலோடு வந்த சொல்லால் உம்மை ‘நீர்’ என்றே அழைக்கிறேன். உம்மை ‘நீங்க’ என்று அழைக்கிறவர்களின் குரலையும் நீர் கேட்டு மகிழ்கிறீர். நான் வாய்மூடச் செய்தவர்களுக்காக என்னை மன்னியும். நம்முடைய சபை ஒரே படகு என்பதையும், நீரும் அதிலே இருக்கிறீர் என்பதையும் நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.